பத்துக் கிலோமீட்டர் என்பது எத்தனை மீட்டர்?



நமது ஆலய இளைஞர் பிரிவினர் கல்வி நிதிக்காக 10 கிலோமீட்டர் சாலை ஓட்டம் ஒன்றை நடத்த விரும்பி, செயற்குழுவிடம் அனுமதி கேட்டனர். எல்லாரும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டனர். நான் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தேன்: ஓடுபாதையை முறைப்படி அளந்து சான்றிதழ் பெற வேண்டும். "வாத்தியார் ஓய்வு பெற்றும் கணக்கை விடவில்லையே" என்று சிரித்தார்கள். நன்கொடையில் ஒரு பகுதி இதற்குச் செலவாகும் என்பதால் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

பணியில் இருந்த காலத்தில் நம் சிலிம் ரிவர் வட்டாரத்தில் நடந்த ஓர் ஓட்டத்திற்குப் பாதையை அளந்தவன் நானே. மோட்டார் சைக்கிளில் போய், மீட்டரில் 10 கிலோமீட்டர் விழுந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். என்னிடம் படித்த தோட்டத்துப் பையன் ஒருவன் அதை 36 நிமிடத்தில் ஓடி முடித்தான். அந்த நேரத்தை நம்பி அவனை ஒரு தேர்வுக்கு அனுப்பி வைத்தேன். அங்கே திடலில் 25 சுற்று ஓடவிட்டார்கள். 37 நிமிடத்திற்கு மேல் ஆகிவிட்டது. பொய்க்கணக்குக் கொடுத்தவன் என்ற பெயரோடு திரும்பி வந்தான். பிறகு நானும் ஒரு நண்பரும் 100 மீட்டர் நாடாவைப் பிடித்துப் பாதையை அளந்தோம். 96 முறைதான் விரிக்க முடிந்தது.

தவறு எங்கே? என் வண்டியின் டயர் தேய்ந்திருந்தது. தேய்ந்த சக்கரம் அதிகம் சுற்றும். மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். தவிர, வண்டி சாலையின் இடப்பக்கமே போகும். வலப்பக்க வளைவுகளில் வெளிவட்டத்தில் சுற்றி வரும். ஓடுகிறவனோ உட்பக்கத்தை ஒட்டி வெட்டிப் போவான். 3 மீட்டர் விலகியிருந்தால் ஒரு செங்கோணத் திருப்பத்திலேயே ஏறக்குறைய 4.7 மீட்டர் வித்தியாசம். நம் பழைய தோட்டத்துச் சாலைகளில் இத்தகைய வளைவுகளுக்கா பஞ்சம்?

அனைத்துலக முறை மிகவும் எளிமையானது. அளக்கும் கருவி சைக்கிள்தான். இங்கிலாந்தில் ஜான் ஜுவல் 1961-இலும், அமெரிக்காவில் டெட் கார்பிட் 1964-இலும் இம்முறையை ஆராய்ந்து எழுதினர். 1971-இல் ஆலன் ஜோன்ஸ், தம் மகன் கிளெய்னுடன் சேர்ந்து முன்சக்கரத்தில் பொருத்தும் ஓர் எண்ணியை உருவாக்கினார். அது ஏறக்குறைய 10 சென்டிமீட்டருக்கு ஓர் எண் வீதம் கூட்டிக்கொண்டே போகும்.

முதலில் நேரான சாலையில் குறைந்தது 300 மீட்டரை இரும்பு நாடாவால் அளந்து குறிப்பார்கள். அந்த நாடா 20 பாகை வெப்பத்திற்கு அளவிடப்பட்டது. நம் ஊரின் 30 பாகையில் அது நீள்வதால் 300 மீட்டருக்கு மூன்றரை சென்டிமீட்டர் பிசகும், அதையும் திருத்துவார்கள். அந்தத் தூரத்தைச் சைக்கிளில் நான்கு முறை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண் என்று கணக்கிட்ட பிறகே பாதையை அளப்பார்கள். முடிந்ததும் மறுபடி நான்கு முறை ஓட்டிப் பார்ப்பார்கள். வெயில் ஏற ஏற டயரின் காற்று விரிந்து சக்கரம் சற்றே பெருக்கும் அல்லவா!

அளப்பவர் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில், ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிப் போக வேண்டும். அப்படியும் பிழை நேரலாம் என்று ஆயிரத்தில் ஒரு பங்கைச் சேர்ப்பார்கள். 10 கிலோமீட்டருக்கு 10 மீட்டர், 42.195 கிலோமீட்டர் மாரத்தானுக்கு 42 மீட்டர். தூரம் கூடினால் மன்னிப்பு உண்டு, குறைந்தால் இல்லை என்பதே இதன் பொருள்.

பெரிய ஊர்களும் இதில் தவறியுள்ளன. 1981-இல் நியூயார்க் மாரத்தானில் அல்பெர்டோ சாலசார் ஓடிய 2 மணி 8 நிமிடம் 13 வினாடி உலகச் சாதனை எனக் கொண்டாடப்பட்டது. பின்னர் அளந்தபோது பாதை சுமார் 150 மீட்டர் குறைந்திருந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 2013 முதல் 2015 வரை மூன்றாண்டுகள் 380 மீட்டர் குறைவு. ஏறக்குறைய 24,000 பேரின் நேரங்கள் செல்லாமல் போயின.

கைக்கடிகாரத்தில் துணைக்கோள் தூரம் காட்டுகிறதே என்று இளைஞர்கள் கேட்டார்கள். மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் இடையில் அது தடுமாறும். பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். அதை நம்பிக் கோடு போட்டால் என் மோட்டார் சைக்கிள் கதைதான்.

உலகத் தடகள அமைப்பும், 1982-இல் தோன்றிய அனைத்துலக மாரத்தான் ஓட்டங்களின் சங்கமும் அங்கீகரித்த அளவையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அளந்து, வரைபடத்தோடு அறிக்கை அனுப்பினால் சான்றிதழ் கிடைக்கும். அது ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். இடையில் பாதை மாறினால் செல்லாது. ஓட்ட நாளன்று கூம்புகளையும் வரைபடத்தில் உள்ளபடியே வைக்க வேண்டும். ஒரு முனையைத் தன்னார்வலர் தவறாகத் திறந்துவிட்டாலும் அத்தனையும் வீண்.

தொடக்கத்திலும் முடிவிலும் சாலையில் ஆணி அடிப்பார்கள். மறுபடி தார் போட்டால் ஆணி மறைந்துவிடும். ஆகையால் அருகிலுள்ள விளக்குக் கம்பம், பாலத்தின் மூலை ஆகியவற்றிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதி வைக்க வேண்டும். அந்தத் தாளின் ஒரு பிரதியை ஆலய அலுவலகக் கோப்பில் வைக்கக் குழு ஒப்புக்கொண்டுள்ளது. அளக்கும் நாளன்று விடியற்காலையில் சைக்கிளுக்குப் பின்னால் காவலாக வர இரண்டு வாகனங்கள் தேவை. கொடுத்துதவ விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.