அசால்ட்டு: திட்டா, பாராட்டா?

போன மாதம் வில்பட்டியில் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். கொடைக்கானலை ஒட்டிய சரிவில் இருக்கிற ஊர். எதிரே லாரியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் ஒத்தை ஆளாக மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டதும், பக்கத்தில் நின்ற பெரியவர் "பாருங்க, அசால்ட்டா தூக்கிட்டான்" என்றார். கொஞ்ச நேரத்தில் அதே பையன் போனைப் பார்த்தபடியே புதர்ப்பக்கம் ஒதுங்கப் போனான். "டேய், அசால்ட்டா போகாதடா, காட்டுமாடு நிக்கும்!" என்று அதே பெரியவர் கத்தினார். சும்மா மிரட்டல் இல்லை. காட்டுமாடு முட்டி இந்த மலையில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

ஒரே வாய், ஒரே வார்த்தை. முதலில் பாராட்டு, அப்புறம் திட்டு.

இது தமிழ்ச் சொல் இல்லை என்பதை அதன் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். சொல்லுக்குள் 'ல்' பின்னால் இன்னொரு 'ல'வைத் தவிர வேறு எந்தெந்த எழுத்து வரலாம் என்று தொல்காப்பியம் நூன்மரபிலேயே கணக்குப் போட்டிருக்கிறது: க, ச, ப, அப்புறம் ய, வ. அதில் 'ட' கிடையாது. பெல்ட்டு, போல்ட்டு, ஃபால்ட்டு எல்லாம் இங்கிலீஷ் சரக்கு. அசால்ட்டும் அந்த வரிசைதான். ஃபால்ட்டில் வருகிற அதே 'ஆ'தான் இதிலும். ஆக, அடிதடி கேஸில் அடிபடுகிற அந்த 'அசால்ட்'தான் இது.

தாக்குதல் எப்படி அலட்சியம் ஆச்சு? என் ஊகம் இதுதான்: யோசிக்காம, தயங்காம ஒரே பாய்ச்சலில் இறங்குவது. அது கைதேர்ந்தவனிடம் இருந்தால் லாவகம், மத்தவனிடம் இருந்தால் கவனக்குறைவு. 2014-ல் வந்த 'ஜிகர்தண்டா' படத்தில் பாபி சிம்ஹா நடித்த ரவுடிக்கு 'அசால்ட்' சேது என்று பேர். இங்கிலீஷ் அர்த்தம், தமிழ் அர்த்தம் ரெண்டும் அந்தப் பேரில் ஒண்ணா உட்கார்ந்திருக்கு.

எழுத்துத் தமிழில் இந்த வேலைக்கு இரண்டு சொல் வேணும். ஆயாசம் இல்லாமல் செய்தால் அநாயாசம். லட்சியம் பண்ணாமல் விட்டால் அலட்சியம் (இங்கே லட்சியம்னா குறிக்கோள் இல்லை, பொருட்படுத்துவது, "அவன் என்னை லட்சியமே பண்ணல"ன்னு வீட்டில் சொல்வோமே, அது). 'மெத்தனம்' இருக்கே என்பீர்கள். அது மெத்தென்ற மென்மையிலிருந்து வந்தது, மெத்தைக்குச் சொந்தம். அதில் எப்பவும் ஒரு சோம்பல் வாடை உண்டு. மூட்டை தூக்கின பையனை "மெத்தனமா தூக்கிட்டான்"னு சொல்லிப் பாருங்க, அந்தப் பெரியவரே சிரிப்பார்.