விளம்பரமா, மக்கள் தொடர்பா? ‘ஜகாட்’ சொல்லும் பாடம்

கலைத்துறையில் மக்கள் தொடர்பு பற்றி எழுதச் சொன்னால், பல மாணவர்கள் போஸ்டர், பேனர், ஃபேஸ்புக் என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். அதெல்லாம் விளம்பரம், காசு கொடுத்தால் கிடைக்கும். நம் படைப்பைப் பற்றி மற்றவர்களே நம்பிப் பேசுவதுதான் மக்கள் தொடர்பின் இலக்கு. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாதுங்க.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015 டிசம்பரில் வெளியானது. (‘ஜாஹாட்’ என்ற மலாய்ச் சொல்தான் நம்மவர் வாயில் அப்படி ஆனது!) தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் அப்போயின் கதை. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் அதை மலாய்மொழி அல்லாத படங்களுக்கான பிரிவில் ஒதுக்கினார்கள். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? மலாய்த் திரைக்கலைஞர்களிடமிருந்தும் வந்தது. ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம், தாம் முன்பு வென்ற விருதுகளையே திருப்பிக் கொடுத்தார். நாம் மட்டும் பேசியிருந்தால் அது தமிழ்ப் பத்திரிகையோடு நின்றிருக்கும் என்பது என் எண்ணம். கடைசியில் சிறந்த மலேசியத் திரைப்பட விருது ‘ஜகாட்’டுக்கே கிடைத்தது.

ஆகவே விடையில் “எப்படி விளம்பரம் செய்தார்கள்” என்பதோடு “யார் பேசினார்கள், ஏன் பேசினார்கள்” என்றும் எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் இதையும் கேட்டுப் பாருங்க: பிரிக்பீல்ட்ஸில் நீங்கள் நாடகம் போட்டால், போஸ்டர் ஒட்டும் முன் யாரையெல்லாம் ஒத்திகைக்கு அழைப்பீர்கள்?