சென்சார் மீது பழி, கடித்தது எலி!
டீசல் காரில் மஞ்சள் விளக்கா? வீட்டிலேயே துப்பு துலக்கலாம்

சென்னை: விடிகாலை 4 மணி. வடபழனியில் வாடகைக் கார் டிரைவர் ஒருவர், விமான நிலைய சவாரிக்காக டீசல் காரைக் கிளப்பினார். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தும் வண்டி ஊர்ந்தது. சவாரி போச்சு!

பகலில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். ஒரு கருவியைச் செருகிப் பார்த்தார்கள். பானெட்டைத் திறக்காமலேயே தீர்ப்பு வந்தது.

"ஏர் சென்சார் அவுட் சார். புதுசுதான் போடணும்."

சொன்ன தொகை, அவருடைய ஒரு வார வருமானம். டிரைவருக்குப் 'பகீர்' என்றது.

வீடு திரும்பியவருக்குக் கை கொடுத்தவர், பக்கத்து வீட்டு ஐ.டி.ஐ. வாலிபர். "அவசரப்படாதீங்கண்ணே, முதல்ல வயரைப் பார்ப்போம்" என்றார்.

துப்பு கொடுக்கும் பெட்டி

ஸ்டியரிங்குக்குக் கீழே, கால் பக்கம், 16 ஊசித் துளைகள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். பி.எஸ்.4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் 'ஓ.பி.டி.2' முறை கட்டாயம். அதில் செருகும் சிறிய புளூடூத் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் விட்டால், செல்போனில் குற்ற நம்பர் வந்து விழும்.

வாலிபரின் போனில் விழுந்த நம்பர்: பி 0102.

'பி' என்றால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த 0, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான நம்பர் என்று அர்த்தம். அங்கே 1 இருந்தால் அந்தக் கம்பெனியின் சொந்த நம்பர். 0102 என்பது, காற்றளவு சென்சாரிலிருந்து வரும் சிக்னல் மிகக் குறைவு என்ற புகார்.

எஃப்.ஐ.ஆர்.தான், தீர்ப்பு அல்ல!

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம்பர் சொல்வது 'இந்த லைனில் கோளாறு' என்பதை மட்டுமே. சென்சார் செத்திருக்கலாம். வயர் அறுந்திருக்கலாம். சாக்கெட் தளர்ந்திருக்கலாம். மழைத் தண்ணீர் புகுந்து ஊசிகளில் பச்சை பிடித்திருக்கலாம்.

வாலிபர் முதலில் நம்பரைப் பேப்பரில் எழுதிக்கொண்டார். சாவியை எடுத்தார். சென்சார் சாக்கெட்டைக் கழற்றினார். ஊசிகள் சுத்தம். மல்டிமீட்டரை வைத்தார். சாவியைப் போட்டால் 12 வோல்ட் வரவேண்டிய வயரில் ஒன்றும் வரவில்லை!

வயரைத் தடவிக்கொண்டே போனார். ஏர் பில்டர் பெட்டிக்குப் பின்னால் தோல் உரிந்து, செம்பு தெரிந்தது. பக்கத்திலேயே எலிப் புழுக்கை. குற்றவாளி சிக்கியது!

வயரைச் சேர்த்து ஈயம் பற்றவைத்து, ஸ்லீவ் மாட்டினார்கள். நம்பரை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினார்கள். விளக்கு திரும்ப எரியவில்லை. செலவு, டீக்காசு.

வேறு நம்பர் வந்தால்?

பி 0118: கூலன்ட் வெப்பச் சென்சார் லைன் துண்டிப்பு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்சாரைத் தனியே அளந்தால், பல கார்களில் 2,000 முதல் 3,000 ஓம் காட்டும். நன்றாகச் சூடேறினால் சில நூறு ஓமாக இறங்கும். அப்படி இறங்கினால் சென்சார் நல்லது, வயரைத் தேடுங்கள்.

பி 0299: டர்போ காற்றழுத்தம் போதவில்லை. 'டர்போ போச்சு' என்று பதறவேண்டாம். ரப்பர் ஹோஸில் வெடிப்பு, கிளாம்ப் தளர்வு, எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பி 0087: டீசல் ரெயிலில் அழுத்தம் குறைவு. டீசல் பில்டர் மாற்றி எத்தனை நாள் ஆனது என்று கணக்குப் பாருங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கை வைத்தால் ஆபத்து

காரணம் உண்டு. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம் அழுத்தம். காமன் ரெயில் குழாயிலோ 1,600 பாருக்கு மேலும் போகும். எஞ்சின் ஓடும்போது நட்டைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரியும். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். விரலையே இழக்க நேரலாம்.

ஆயில் அல்லது வெப்பத்துக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். எஞ்சினை அப்போதே நிறுத்துங்கள்.

பழைய கார் வாங்குவோர் உஷார்!

இதே கருவியை வைத்து மோசடியும் நடக்கும். விற்பதற்குச் சற்று முன் நம்பரை அழித்துவிட்டால் விளக்கு அணையும். காரும் 'சுத்தம்' போலத் தெரியும். பணம் கைமாறி சில நாளில் விளக்கு மீண்டும் எரியும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. கருவியில் 'ரெடினஸ்' பக்கத்தைத் திறங்கள். பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், அண்மையில் நம்பரை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு ஒரு தடவை எரிந்தாக வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கிலேயே கை வைத்திருக்கலாம்!

ஒர்க்‌ஷாப்பில் யாராவது "சென்சார் போச்சு" என்றால், பர்ஸைத் திறக்கும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்:

"நம்பர் என்ன? வயரைப் பார்த்தீங்களா?"

வடபழனி டிரைவர் மறுநாள் விடிகாலை விமான நிலைய சவாரிக்குப் போய்விட்டார். அதற்கு முன் ஒரு வேலை செய்தார். கார் நிற்கும் இடத்தில் எலிப்பொறி வைத்தார்!