கைப்பிடி ஓட்டை

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி கியா பார்ம் சந்தைக்கு ஏறும் சாலையில், முட்டைக்கோஸ் கூடைகளைச் சுமந்து உறுமிக்கொண்டு வரும் பழைய லேண்ட்ரோவரின் முன் பம்பரைப் பாருங்கள். நடுவில் ஒரு வட்ட ஓட்டை. பேட்டரி செத்துக் கிடக்கும் குளிர்காலையில் அதன் வழியாகக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் அந்தக் காலத்தில் எஞ்சினை எழுப்புவார்கள். இன்று கைப்பிடியைச் செருகினால், பல வண்டிகளில் அது போய்ப் பிடிக்க உள்ளே ஒன்றும் இல்லை. எஞ்சினே வேறு. பழைய வண்டி வாங்க வருகிறவர் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் குனிந்து இந்த ஓட்டைக்குள் பார்க்க வேண்டும்.

லேண்ட்ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. பட்டாளத்துக்கும் தோட்டத்துத் துரைமாருக்கும் வாய்த்த வண்டி இது. 1929-இல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம் கியா பார்முக்குப் பக்கத்து மடிப்பில் இருக்கிறது. அங்கே போகும் பாதையைப் பார்த்தால், சாதாரணக் காடி ஏன் போதவில்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும், சிவப்புக் கம்பியை இழுத்தால் வேகம் குறைந்து பலம் கூடும். அந்த இரண்டு நிறங்கள் தெரிந்தால் போதும், ஓட்டிவிடலாம்.

பழுது பார்ப்பதும் அன்று அந்த அளவுக்கு நேரானது. 1958-இல் வந்த சீரீஸ் டூ முதல் 1985-இல் நின்ற சீரீஸ் த்ரீ வரை, பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் ஒரே குடும்பத்து 2,286 சிசி எஞ்சின்தான். ஒரு வண்டியில் கழற்றியது இன்னொன்றில் பொருந்தும். வயரின் நிறமே பாதி விடை சொல்லிவிடும். பழுப்பு என்றால் எப்போதும் கரண்ட் உள்ளது. பச்சை, சாவி போட்டபின் ஃபியூஸ் வழியாக வருவது. நீலம் முன்விளக்கு, சிவப்பு வால்விளக்கு, கறுப்பு எர்த். கெட்டுப்போன பாகத்தைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது.

இன்று தேட வேண்டியது கெட்டுப்போன பாகத்தையல்ல. யாரோ எப்போதோ நல்லதென்று நினைத்துச் செய்த ஒரு வேலையைத் தேட வேண்டும். கேமரன் மலை லேண்ட்ரோவர்களைத் தோட்டக்காரர்கள் தங்கள் சரிவுக்கும் சுமைக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டே வந்தார்கள். பட்டை ஸ்பிரிங்கில் இரண்டு இலை கூடியது. பின்பக்கம் நீண்டது. பெட்ரோல் குடிக்கும் எஞ்சின் இறங்கி, பாதியாக வெட்டிய பழைய வண்டிகள் விற்கும் ஹாஃப்-கட் கடையிலிருந்து இசூசு மாதிரி ஜப்பான் டீசல் ஏறியது. மாற்றியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தக்காளிக்கு விலை இருக்கும் நாளில் வண்டி நின்றால் நஷ்டம் அவருக்குத்தான். ஆனால் செய்ததை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை, அதுதான் புதிதாக வாங்கியவருக்குத் தலைவலி.

எல்லாவற்றையும் விட பிரேக்கை முதலில் பாருங்கள். பெட்ரோல் எஞ்சின் மூச்சை உள்ளிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம்தான் பிரேக் பூஸ்டருக்கு உதவும். டீசலில் அந்த வெற்றிடம் கிடையாது, அதற்குத் தனிப் பம்பு வேண்டும். இசூசு எஞ்சின்கள் சிலவற்றில் அந்தப் பம்பு ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். சார்ஜ் ஏறவில்லை என்று யாராவது மலிவாக வேறு ஆல்டர்னேட்டரை மாட்டியிருந்தால், பேட்டரி நன்றாக இருக்கும், பிரேக் மட்டும் கல்லாகிவிடும். சமதளத்தில் ஓட்டிப் பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. கியா பார்மிலிருந்து பிரிஞ்சாங்குக்கு இறங்கும்போது தெரியும்.

அடுத்தது டிஃபரென்ஷியல். அசல் விகிதம் 4.7. வேகம் போதவில்லை என்று ரேஞ்ச்ரோவரின் 3.54-ஐ மாட்டுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். அப்படி மாற்றிய வண்டியில் மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 80-ஐ நெருங்கியிருப்பீர்கள். அதைக்கூட மன்னிக்கலாம். பின்னால் மட்டும் மாற்றி, முன்னால் அப்படியே விட்டிருந்தால்? இரண்டு சக்கர ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியாது. சேற்றில் மாட்டிக்கொண்டு மஞ்சள் குமிழை அழுத்தும் அன்று முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும், எது பலவீனமோ அது உடையும். வாங்குவதற்கு முன் ஒரு பக்கத்து இரு சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, முதலில் முன்னதையும் பிறகு பின்னதையும் ஒரே அளவு சுற்றி, புரொப்பெல்லர் தண்டுகள் எத்தனை சுற்று சுற்றுகின்றன என்று எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். கால்மணி நேரம்கூட ஆகாது, செய்பவர்தான் குறைவு.

சூடு காட்டும் மீட்டர் பொய் சொன்னால், பெட்ரோல் முள்ளையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து தவறினால், இரண்டுக்கும் 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் போயிருக்கும். சூட்டு முள் மட்டும் தவறினால், ஜப்பான் எஞ்சினின் சென்சாரும் ஆங்கிலேய மீட்டரும் ஒரே மொழி பேசவில்லை என்று அர்த்தம்.

வயரிங்கைப் பற்றிச் சொன்னால் ஒரு புத்தகமே ஆகும். ஏறக்குறைய 1967 வரை வந்தவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். ஆல்டர்னேட்டர் போட்டபோது அதைத் திருப்பியிருப்பார்கள், காயிலின் இரண்டு முனைகளைத் திருப்ப மறந்திருப்பார்கள். எஞ்சின் ஓடும், ஆனால் ஏற்றத்தில் சுமையோடு போகும்போது தீப்பொறி தடுமாறும். பழியைக் கார்புரேட்டர் சுமக்கும். அதோடு, இங்கே மழையும் பனியும் ஓய்வதில்லை. உடல் அலுமினியம் என்பதால் துரு பிடிக்காது என்று பெருமை பேசுவோம், கீழே சேசிஸ் இரும்பு. அலுமினியமும் இரும்புப் போல்ட்டும் சேரும் இடங்களில் வெள்ளைப் பொடி பூத்து எர்த் அறுந்துவிடும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறதா? பல்பை மாற்றாதீர்கள், போல்ட்டைக் கழற்றிச் சுரண்டுங்கள்.

காகிதமும் ஒரு பாகம்தான். கிராண்டில், அதாவது பதிவுப் பத்திரத்தில், உள்ள எஞ்சின் எண்ணும், எஞ்சினில் அடித்திருக்கும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் பெயர் மாற்றம் நின்றுவிடும். சாலை வரியே இல்லாமல் தோட்டத்துக்குள் உழலும் பழைய லாரிகளை இங்கே ‘லோரி ஹந்து’ என்பார்கள், பேய் லாரி. எண் சரியில்லாத லேண்ட்ரோவர் அந்தப் பேய்களின் ஒன்றுவிட்ட உறவு. விலை மலிவு என்று ஏமாற வேண்டாம்.

இப்போது இந்த வண்டிகளில் பல காய்கறியை விட்டுவிட்டு, பின்னால் பெஞ்சு போட்டு, சுற்றுப்பயணிகளை குனோங் பிரிஞ்சாங்கின் பாசிக்காட்டுக்கு ஏற்றிப் போகின்றன. கோலாலம்பூரிலிருந்து வந்து வாங்கிப் போகிறவர்கள் பழையபடி அசல் நிலைக்கே மாற்றித் தர வேண்டும் என்கிறார்கள். பட்டறை போர்மன் பானட்டைத் திறந்து பார்க்கிறார். உள்ளே வால்விளக்குக்கும் சிவப்பு வயர், ஹாரனுக்கும் சிவப்பு வயர், எதற்கென்று தெரியாத சுவிட்ச் ஒன்றுக்கும் சிவப்பு வயர். அன்று கடையில் அந்த ஒரு நிறம்தான் இருந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, ஒட்டுத்தாளில் பெயர் எழுதிச் சுற்றிக்கொண்டே போகிறார். கடைசி வயரில் அவர் எழுதுவது ஒரு கேள்விக்குறி மட்டும். அதை வெட்டாமல் அப்படியே விட்டுவிடுகிறார்.