உறுமியும் ஹவுஸ் இசையும்: வீட்டு ஒலிக்கூடம் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

மலாக்கா மாநிலத்துச் சுங்கை ஊடாங் என்றவுடன் இராணுவ முகாமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமுமே பலருக்கு நினைவில் எழும். அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களின் கோயில் திருவிழாக்களில் உறுமி மேளம் ஒலித்து வந்திருப்பது ஆய்வுலகில் அதிகம் பேசப்படவில்லை. அப்பகுதியிலிருந்து வந்த என் மாணவர் ஒருவர், வார இறுதிகளில் திருமண விருந்துகளில் டிஜேயாகவும், ஏனைய இரவுகளில் தம் அறையில் கணினியின் துணைகொண்டு ஹவுஸ் இசை அமைப்பவராகவும் விளங்கினார். தம் தாத்தா வாசித்த உறுமியை ஹவுஸ் தாளத்தோடு இணைக்க முற்பட்டபோது அவர் எதிர்கொண்ட சிக்கலே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய் ஆகும்.

ஹவுஸ் இசை: தோற்றமும் இயல்பும்

1977இல் சிக்காகோ நகரில் தொடங்கப்பெற்ற வேர்ஹவுஸ் என்னும் நடனக் கூடத்தின் பெயரடியாகவே 'ஹவுஸ்' என்னும் பெயர் தோன்றியது என்பது பெருவழக்கான கருத்து. அங்கு இசைத்தட்டுகளை இயக்கியவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். கறுப்பின, லத்தீனிய இளைஞர்களே, அவர்களுள்ளும் தற்பால் ஈர்ப்புடையோரே, அங்கு மிகுதியாகக் கூடினர். 1979 ஜூலை 12ஆம் நாள் அதே நகரின் பேஸ்பால் அரங்கொன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பெருநிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்ட நிலையில், இளைஞர்கள் மலிவான மின்னணுக் கருவிகளைக்கொண்டு தாமே இசை அமைக்கலாயினர். கிட்டார் கலைஞருக்குத் துணையாக பேஸ் ஒலி எழுப்பும் நோக்கில் ரோலண்ட் நிறுவனம் உருவாக்கிய டிபி-303 என்னும் கருவி விற்பனையில் தோல்வியுற்று 1984இல் கைவிடப்பட்டது. பழைய விலைக்குக் கிடைத்த அக்கருவியின் குமிழ்களைத் திருகித் திருகி ஃபியூச்சர் குழுவினர் உருவாக்கிய 'ஆசிட் டிராக்ஸ்' 1987இல் வெளிவந்தது.

இதே கருவியைக்கொண்டு பம்பாய்க் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இலேயே பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒலிப்பதிவு செய்திருந்தார். அதனைச் சான்றுகாட்டி, ஹவுஸ் இசையின் ஒரு பிரிவு இந்தியாவில் பிறந்தது என மார்தட்டுவோர் உளர். சிக்காகோ இளைஞர் அவ்விசைத்தட்டைக் கேட்டிருந்தனர் என்பதற்குச் சான்றேதும் இல்லை. கருவி ஒன்றாயின் விளைவும் ஓரளவு ஒத்துவரும் என்று கொள்வதே பொருத்தமாகும்.

நிமிடத்திற்கு ஏறக்குறைய 120 முதல் 130 அடிகள். ஒவ்வோர் அடியிலும் தவறாது விழும் பெருமுரசொலி. இதுவே ஹவுஸ் இசையின் அடித்தளம். ஒரு பாடல் முடியுமுன் அடுத்ததை அதே கதியில் நுழைப்பது டிஜேயின் பணி. 124 அடிப் பாடலை 128 அடிப் பாடலோடு சேர்க்க அதன் வேகத்தை 3.2 விழுக்காடு கூட்டவேண்டும்; இசைத்தட்டாயின் சுருதியும் ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதியளவு உயரும். 128 அடிக் கதியில் பதினாறு தாளவட்டம் சரியாக 30 வினாடி. அதற்குள் கலவையை முடிப்பதுண்டு. ஊர்வலத்தில் இரு மேளக்குழுக்கள் எதிரெதிரே வரும்போது ஒரு குழுவினர் மற்றதன் கதியைக் காதால் பற்றிக்கொள்வதைக் கண்டவர்க்கு இது புதிதன்று.

உறுமி புகுந்த இடம்

உறுமியை இத்தகைய மின்னணு இசையோடு உலகறியச் சேர்த்தவர் எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருள்பிரகாசம். இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986இல் மீண்டும் இலண்டன் சென்ற ஈழத்தமிழர். நுண்கலைக் கல்வி பயின்றவர். ரோலண்ட் எம்சி-505 என்னும் ஒற்றைக் கருவியில் தாமே பழகி இசை அமைத்தார். 2003இல் வந்த அவருடைய முதல் தட்டு 500 படிகளே அச்சிடப்பட்டது. தந்தையின் பெயரால் 'அருளர்' 2005இலும், தாயின் பெயரால் 'கலா' 2007இலும் வெளிவந்தன. அமெரிக்க விசா கிடைக்காமையால் பல நாடுகளில் ஒலிப்பதிவு செய்ய நேர்ந்த 'கலா'வில், இலண்டன் ஹவுஸ் தயாரிப்பாளர் சுவிட்ச் உடன் அமைத்த 'பாய்ஸ்' என்னும் பாடலுக்குச் சென்னை உறுமிக் கலைஞர்கள் வாசித்தனர். அதனைத் தூய ஹவுஸ் இசை எனல் மிகை. அமைப்பு முறையோ ஹவுஸ் தந்தது.

சிக்கலின் இயல்பு

உறுமியின் ஒரு முகம் நேர்க்குச்சியால் அடிக்கப்படுவது. மறு முகம் வளைகோலால் தேய்க்கப்படுவது. அடித்த ஒலிக்குத் தெளிவான தொடக்கம் உண்டு. கணினி அதனைக் கண்டு வெட்டும். தேய்த்தெழும் உறுமலுக்கு அத்தொடக்கம் இல்லை. அது மெல்லப் புறப்பட்டு, சுருதி வளைந்து, அடியைத் தாண்டி வழியும். 120 அடிக் கதியில் கணினிக் கட்டம் ஒவ்வொன்றும் வினாடியில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் இழுத்துப் பொருத்தினால் உறுமல் அறுந்து வெற்றுத் தட்டலே மிஞ்சும். என் மாணவர் மூன்று மாதம் முயன்றபின் நேர்மாறாகச் செய்தார்: உறுமியைத் தொடாமல் விட்டு, கணினியின் முரசொலியை அதன் போக்கிற்கேற்ப இடையிடையே நகர்த்தினார். அவ்வாறு அமைந்த பாடலுக்கு விருந்தில் ஆடியவர்கள் இருமுறை தடுமாறினராம். அதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறொன்றில் இருந்தது. முதல் முயற்சிகளின்போது வெட்டிய துண்டுகளைச் சேமித்துவிட்டு, இடம் போதாமையால் மூல ஒலிப்பதிவுகள் பலவற்றை அழித்துவிட்டார். இதற்குள் தாத்தாவின் கை தளர்ந்து வளைகோல் பிடிக்க இயலாதாயிற்று. எஞ்சியது முழு வாசிப்பாக ஒன்றும், நான்கு வினாடிக்கும் குறைவான துண்டுகள் சிலவும். அவற்றின் கோப்புப் பெயர்கள் 'உறுமி 1', 'உறுமி 2' என்றே இருந்தன. வாசித்தவர் பெயர், தோட்டத்தின் பெயர், எத்திருவிழாவுக்குரிய அடி என்னும் விவரம் எதுவும் இல்லை. தாத்தாவை அருகில் அமர்த்தி ஒவ்வொன்றையும் ஒலிக்கச் செய்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். இரண்டு துண்டுகளை அவராலும் இன்னதென அடையாளம் காண இயலவில்லை.