மலை எந்தச் சட்டகத்தில் நிற்கும்?

அசையும் கோடுகள் – 9

சென்ற வாரம், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி ஓர் அம்மா கொழுந்து மலை ஏறும் நடையை வரைந்து பழகினோம். உங்களில் பலர் அதை 1920க்கு 1080 பிக்சல் என்ற அகலத் திரையில் வரைந்திருப்பீர்கள். மென்பொருளைத் திறந்ததும் தானாக வரும் அளவு அதுதான். ஆனால் படத்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர், அதைப் பார்க்கப்போகிற ஆள்.

1934இல் பேசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற ஆவணப்படத்தில் நம் தோட்டங்களும் வருகின்றன. இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுத்த படம் அது. உயரம் 1 என்றால் அகலம் 1.37; ஏறக்குறைய சதுரம். அன்றைய சினிமாத் தியேட்டர்களின் திரை அப்படித்தான் இருந்தது. தேயிலை வாங்குகிறவர் உட்கார்ந்து பார்க்கும் இடத்துக்குப் பொருந்திய அளவு. 1982இல் ரூபவாஹினி வந்தபோது வீட்டுப் பெட்டியின் அளவு 4க்கு 3. பிறகு 16க்கு 9 வந்தது. சென்கிளேயர் அருவியும் பச்சை மேடுகளும் அகலமாக விரிந்தன.

இன்று லயன் காம்பராவில் படம் பார்ப்பது எப்படி? போனை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கையால். வேலை முடிந்து வந்தவர் அதைப் படுக்க வைத்துத் திருப்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போதும் மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் விடுக்கிறது. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனப் பொங்கும் ஊற்று, கலங்கி வரும் பீலித் தண்ணீர்: இந்த அறிகுறிகளைச் சொல்ல அனிமேஷனை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வெடிப்பு எப்படி அகலமாகிறது என்பதை ஐந்து நொடியில் காட்டிவிடலாம். அந்தப் படம் போனில் விரல் அகலத்துக்குச் சுருங்கி, எழுத்து வாசிக்க முடியாமல் போனால் அதை வரைந்ததில் என்ன பயன்?

கணக்கைப் பாருங்கள். 1080 பிக்சல் அகலமுள்ள போனை நிமிர்த்திப் பிடித்தால், அகலப் படத்தின் உயரம் சுமார் 608 பிக்சல்தான். திரையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ‘அப்படியானால் நடுப்பகுதியை மட்டும் நிமிர்த்தி வெட்டிக்கொள்ளலாமே’ என்பீர்கள். வெட்டினால் கிடைப்பதும் அதே 608 பிக்சல் அகலம். மலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். மிஞ்சியதை 1080 அகலத்துக்கு இழுத்தால் கோடுகள் மங்கும்.

நான் கையாளும் வழி, தொடக்கத்திலேயே 1920க்கு 1920 என்று சதுரமாக வரைவது. அதன் நடுவில் 1080க்கு 1080 சதுரம் ஒன்றைக் கோடிட்டுக்கொள்வேன். ஆளின் முகம், வெடிப்பு, எச்சரிக்கைச் சொல் மூன்றும் அதற்குள் இருக்க வேண்டும். சதுரத்துக்கு மேலும் கீழும் வானமும் படிக்கட்டும். இடமும் வலமும் தேயிலைச் செடிகள். முடித்தபின் நிமிர்ந்து வெட்டினால் 1080க்கு 1920. டிக்டொக், ரீல்ஸ், யூடியூப் ஷோர்ட்ஸ், வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாவற்றுக்கும் அது போதும். படுக்க வெட்டினால் 1920க்கு 1080. யூடியூப்புக்கும், பாடசாலை மண்டபத்து புரொஜெக்டருக்கும். பேஸ்புக், இன்ஸ்டகிராம் பதிவுக்கு 1080க்கு 1350. ஒரே வரைபடம், மூன்று எக்ஸ்போர்ட்.

நிமிர்ந்த படத்திலும் கவனம் தேவை. ரீல்ஸ் போன்றவற்றில் அடிப்பகுதியைப் பெயரும் குறிப்பும் மூடும். வலப்பக்கம் பொத்தான்கள் நிற்கும். கீழ் மூன்றில் ஒரு பங்கில் எழுத்து வைக்காதீர்கள். ‘உடனே வெளியேறுங்கள்’ என்ற சொல் ஒரு பொத்தானுக்குப் பின்னால் மறையக் கூடாது.

அகலம், உயரம் இரண்டும் இரட்டை எண்ணாக இருக்கட்டும். பரவலாகப் பயன்படும் எச்.264 முறையில் ஒற்றை எண் கொடுத்தால் எக்ஸ்போர்ட் பல வேளை நின்றுவிடும்.

டேட்டா தீரும் கவலை தோட்டத்தில் எல்லோருக்கும் உண்டு. அதனால் 720க்கு 1280 அளவில் ஒரு பிரதியும் எடுங்கள். பெரியதில் ஒவ்வொரு சட்டகத்திலும் 20,73,600 பிக்சல். இதில் 9,21,600, பாதிக்கும் குறைவு. சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில் போய்ச் சேரப்போவது இந்தப் பிரதிதான். வட்ஸ்அப் எப்படியும் தன் பங்குக்கு அமுக்கும் என்பதால் மெல்லிய கோடுகளைத் தவிருங்கள். தமிழ் எழுத்தின் சுழியும் புள்ளியும் முதலில் அழியும்.

இந்த வாரப் பயிற்சி, அந்த அம்மாவின் நடையைச் சதுரத்தில் மறுபடி வரைவது. முடித்ததும் எக்ஸ்போர்ட் செய்து, உங்கள் லயத்தில் கண் மங்கிய ஒரு பாட்டியிடம் போனை நிமிர்த்திக் கொடுங்கள். அவர் கண்ணைச் சுருக்கினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். அதுவரை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

(தொடரும்)