உதடு என்னும் சரக்கு

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் மின்ஸ்ட்ரல் மேடைகளில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசி, உதட்டைப் பெரிதாக வரைந்துகொண்டு கறுப்பர்களாக ஆடினார்கள். கூட்டம் சிரித்தது. மற்றமையின் அடையாளமாகக் கட்டமைக்கப்பட்ட அதே தடித்த உதடு இன்று விலைக்குக் கிடைக்கிற அழகு. கறுப்புப் பெண்ணின் முகத்தில் இருந்தவரை அதற்கு மதிப்பில்லை.

சரி, ஊசியில என்னதான் ஏத்துறாங்க? 1981இல் அங்கே அனுமதி பெற்றது மாட்டுத்தோலிலிருந்து எடுத்த கொலாஜன். ஒவ்வாமை வருமா என்று முதலில் கையில் போட்டுப் பார்ப்பார்கள். இப்போது பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலம். நம் தோலிலேயே இருந்து நீரைப் பிடித்துவைக்கிற பொருள்தான். உதட்டுக்கென்றே அனுமதி 2011இல் வந்தது. சில மாதங்கள் நிற்கும். பிடிக்கலேன்னா ஹயலூரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம். மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால் சதை செத்துப்போகலாம், அரிதாகப் பார்வையும் போகும். அப்போதும் முதலில் தேவைப்படுவது இந்த நொதிதான். அது கைவசம் இல்லாத அழகு நிலையத்தில் தள்ளுபடி விலையில் போட்டுக்கொள்வதை என்ன சொல்ல!

சொந்தக் கொழுப்பை எடுத்து ஏற்றுவதும் உண்டு. எவ்வளவு தங்கும் என்று சொல்ல முடியாது. மூக்கின் கீழே தோலை வெட்டி மேலுதட்டைத் தூக்கும் அறுவையில் தழும்பு விழும்.

திரவ சிலிக்கோன் வேறு கதை. அழகுக்காக அதை ஊசியில் ஏற்ற அமெரிக்காவில் அனுமதியே இல்லை. ஆனால் மலிவு. காசில்லாதவர்கள், மருத்துவமனை வாசலில் அவமானப்பட்ட திருநங்கைகள் போலி ஊசிக்காரர்களிடம் போகும்போது உடலுக்குள் ஏறுவது இதுதான். பல வருஷம் கழித்தும் கட்டி கட்டும். கரைக்க நொதி கிடையாது; வெட்டித்தான் எடுக்கணும், அதுவும் முழுசா வராது.